கிருமிநாசினி புட்டிக்குள் வளர்ந்த கிருமி: ஒரு மருந்தாளுநரின் அனுபவம்

ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் நோட்டம் விடுவது தரையையும் கழிவறையையும்தான். பினாயில் வாசம் அடித்தால் ‘நல்லா வச்சிருக்காங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநர். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிலும் இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் எங்களைப் படுத்தி எடுத்த கிருமிகள் பெரும்பாலும் தரையிலிருந்து வரவில்லை. சலைன் பாட்டில், ஸ்பிரிட் பஞ்சு டப்பா, கை கழுவும் சிங்க், கிருமிநாசினி கேன் என்று, சுத்தத்துக்காகவே வாங்கி வைத்த பொருள்களிலிருந்துதான் வந்தன.

இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கு யாரும் சொல்லித் தராத ஒரு பிரிவினை உண்டு. ஆஸ்பத்திரிக் கிருமிகளில் சில காய்ந்த இடத்தில் தாக்குப்பிடிக்கும், சில ஈரத்தில் பெருகும். கட்டில் கம்பி, மானிட்டர் பொத்தான், திரைச்சீலை மாதிரி காய்ந்த பரப்புகளில் அசினிடோபாக்டர் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸும் அப்படித்தான். ஆனால் அவை அங்கே ‘கிடக்கின்றன’, அவ்வளவுதான். ஈரத்தில் இருக்கும் சூடோமோனாஸும் பர்க்கோல்டேரியாவும் ஒன்று பத்தாகி, பத்து பத்தாயிரமாகப் பெருகுகின்றன. துடைத்தால் போய்விடும் விஷயத்துக்கும், புட்டிக்குள் இரவு பகலாக வளர்ந்துகொண்டிருக்கும் விஷயத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. வார்டுக்குள் நுழைந்தால் என் கண் முதலில் ஈரமானவற்றைத்தான் தேடும். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஐ.சி.யூ.வில் அடுத்தடுத்து சிலருக்கு ஒரே மாதிரித் தொந்தரவு வந்தது. தேறி வருகிற கட்டத்தில், வார்டுக்கு மாற்றலாமா என்று யோசிக்கும் நேரத்தில், திடீரென்று குளிர் நடுக்கம், காய்ச்சல். எல்லோருக்கும் கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் நேராகப் போகும் மெல்லிய குழாய், இருந்தது. ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ப்ளட் கல்ச்சரில் வந்த பெயர் பர்க்கோல்டேரியா செபேசியா. முதல் ரிப்போர்ட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு ஆளுக்கும் அதே பெயர் வந்ததும் மைக்ரோபயாலஜி மேடமே போன் செய்தார்.

“இது தண்ணியில இருக்குற கிருமிங்க. ஒரு பேஷண்ட்கிட்ட இருந்து இன்னொரு பேஷண்டுக்குத் தாவுறது கம்மி. ஏதோ ஒரு பாட்டில் எல்லார் உடம்புக்கும் போயிருக்கு. அதைத் தேடுங்க.”

செபேசியா ஒரு விசித்திரமான பிராணி. அமெரிக்காவில் வெங்காயத்தை அழுக வைக்கும் கிருமி என்று வால்டர் பர்க்கோல்டர் 1950-இல் விவரித்தது இதைத்தான். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும். ஆரோக்கியமான ஆளை ஒன்றும் செய்யாது. ரத்தத்துக்குள் நேராக வழி கிடைத்தால் வம்புதான். இன்னொரு கூத்து, எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் இதன் மேல் எடுபடாது. எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும் பழைய கோ-ட்ரைமாக்சசோல் பெரும்பாலும் எடுபடும். அதனால் பெயர் தெரியாமல் ‘பெரிய’ ஆன்டிபயாடிக்காகப் போட்டுக்கொண்டே போனால் பயனில்லை. கல்ச்சர் எடுக்காமல் மருந்தை மாற்ற வேண்டாம் என்று நாங்கள் ரவுண்ட்ஸில் நச்சரிப்பது இதனால்தான்.

தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டரும் நானும் ஒரு நோட்பேடை எடுத்துக்கொண்டு ஐ.சி.யூ.வுக்குள் போனோம். கட்டிலைச் சுற்றி ஈரமாக என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் எழுதினோம். ஆக்சிஜன் ஹ்யூமிடிஃபயர் பாட்டில், நெபுலைசர் கிண்ணம், வாய் துடைக்கும் மவுத்வாஷ், அல்ட்ராசவுண்ட் ஜெல், ஸ்பிரிட் பஞ்சு, லைனை உள்ளே கழுவிவிட (ஃப்ளஷ் செய்ய) வைத்திருக்கும் சலைன், டிரஸ்ஸிங்குக்கு வைத்திருக்கும் செட்ரிமைட்–குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினிக் கரைசல், சிங்க் குழாய். பட்டியல் நாங்கள் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் எந்தத் தேதியும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் சந்தேகம் முதலில் சலைன் மேல்தான் போனது. மருத்துவமனையில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. 100 மில்லி சலைன் பாட்டில் ஒன்று ஸ்டாண்டில் தொங்கும். அதன் ரப்பர் மூடியில் ஒரு ஊசி குத்தியபடியே இருக்கும். ஒவ்வொரு முறையும் சிரிஞ்சை மட்டும் அந்த ஊசியில் மாட்டி உறிஞ்சிக்கொள்வார்கள். குத்திக் குத்தி எடுப்பதைவிட வேகம், சிஸ்டருக்குக் கை வலியும் இல்லை. ஆனால் அந்த ஊசியின் பின்பக்கம் திறந்திருக்கும் வரை பாட்டிலும் திறந்துதான் இருக்கிறது. சலைனில் பாதுகாப்புப் பொருள் எதுவும் கிடையாது. ஒரு தடவை உள்ளே போன கிருமியைத் தடுக்க அங்கே ஆள் இல்லை. உலகத்தில் எத்தனையோ ரத்தத் தொற்றுகளுக்கு இந்தப் பொது ஃப்ளஷ் பாட்டில்தான் மூலம் என்று பதிவாகியிருக்கிறது.

எங்கள் சலைனை அனுப்பிப் பார்த்தபோது ஒன்றும் வளரவில்லை. ஹ்யூமிடிஃபயர் தண்ணீரில் வேறு ஏதேதோ வளர்ந்தன, தேடியது இல்லை. பட்டியலில் மிச்சம் இருந்த கரைசலைப் பற்றி ஹவுஸ்கீப்பிங் அக்காதான் பேச்சுவாக்கில் சொன்னார். டிரஸ்ஸிங் புட்டியை எப்போது கழுவுவீர்கள் என்று சிஸ்டர் கேட்டார்.

“அது தீர்ந்தாத்தானே சிஸ்டர் கழுவறதுக்கு? கீழ கொஞ்சம் இருக்கறப்பவே மேல ஊத்திருவோம். நான் வந்ததுல இருந்து அந்தப் புட்டி காலியாகிப் பார்த்ததே இல்ல.”

ஐந்து லிட்டர் கேனில் வரும் அடர்கரைசலை, வார்டில் வைத்திருந்த ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, சின்னப் புட்டிகளில் நிரப்பி வைப்பது வழக்கம். அடியில் தங்கிய பழசோடு புதுசு சேரும். தயிர்ப் பாத்திரத்தைக் கழுவாமல் அதிலேயே பாலை ஊற்றினால் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும். அடியில் இருப்பது உறை. கலக்கும் அளவும் கண் திட்டம்தான். தண்ணீர் கூடிப் போனால் கரைசல் கிருமியைக் கொல்லும் பலத்தை இழக்கும், ஆனால் நிறமும் வாசனையும் அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. அந்தக் கரைசலில் நனைத்த பஞ்சால்தான் லைனைச் சுற்றியிருந்த தோலையும், சில ஷிப்ட்களில் லைனின் வாயையும் துடைத்திருக்கிறார்கள்.

கிருமிநாசினியில் கிருமி வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பழைய, எளிய முறை ஒன்று உண்டு. 1966-இல் கெல்சி, மாரர் என்ற இருவர் வகுத்தது. பயன்பாட்டில் இருக்கும் கரைசலில் 1 மில்லியை எடுத்து, 9 மில்லி நடுநிலையாக்கும் திரவத்தில் விட வேண்டும். நடுநிலையாக்காவிட்டால் ரசாயனமே, கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் கிருமியை அமுக்கி வைத்து, ‘சுத்தம்’ என்று பொய் சொல்லிவிடும். குளோர்ஹெக்சிடின், செட்ரிமைட் வகைக்கு ட்வீன் 80-உம் லெசித்தினும். ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கரைசலுக்குச் சோடியம் தயோசல்ஃபேட். பிறகு இரண்டு அகார் தட்டுகளில் தலா பத்துச் சொட்டு. ஒன்றை 37 டிகிரியில் மூன்று நாள், மற்றொன்றை அறை வெப்பத்தில் ஏழு நாள். ஏதாவது ஒரு தட்டில் ஐந்து சொட்டுக்கு மேல் வளர்ச்சி இருந்தால் அந்தக் கரைசல் தோல்வி. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சின்ன லேபிலும் செய்யலாம்.

எங்கள் தட்டை மேடம் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். சொட்டு விழுந்த இடம் ஒவ்வொன்றும் வெளிர் மஞ்சள் வட்டமாக நிரம்பியிருந்தது. எண்ணுவதற்குத் தனித்தனிப் புள்ளி எதுவும் இல்லை. செபேசியாவேதான். மரபணு அளவில் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி எங்களிடம் கிடையாது. ஆனால் எந்த மருந்துக்கு அடங்கும், எந்த மருந்துக்கு அடங்காது என்ற வரிசை நோயாளிகளின் ரிப்போர்ட்டோடு அப்படியே பொருந்தியது. புட்டிகளை எடுத்த பிறகு புதிதாக யாருக்கும் வரவில்லை. எனக்கு அது போதுமான சாட்சி.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. பர்மிங்காமில் எட்வர்ட் லோபரி 1951-லேயே செட்ரிமைட் கரைசலில் சூடோமோனாஸ் வளர்வதை எழுதிவிட்டார். அங்கே வில்லன் புட்டியின் கார்க் மூடி. அதைவிட வேடிக்கை, இன்றைக்கும் லேபில் சூடோமோனாஸை மட்டும் தனியாகப் பிரித்து வளர்க்கப் பயன்படுத்தும் தட்டின் பெயரே செட்ரிமைட் அகார். மற்ற கிருமிகள் அதில் செத்துப்போகும், இது மட்டும் பச்சையாக, பழுத்த திராட்சை வாசத்தோடு செழித்து வளரும். அதே ரசாயனத்தை நீர்க்கக் கலந்து திறந்த கிண்ணத்தில் வைத்தால் வார்டிலும் அதுதான் மிஞ்சும்.

மாற்றங்களில் எளிதானது புட்டி. வார்டில் கலப்பதை நிறுத்தினோம். தயார் நிலையில் வரும் சின்னப் புட்டி, திறந்தவுடன் தேதி, நேரம், கையெழுத்து, தீர்ந்தால் குப்பை, மேலே ஊற்றுவது என்ற பேச்சே இல்லை. லைனின் வாயைத் துடைக்கத் தனித்தனிப் பொட்டலத்தில் வரும் ஆல்கஹால் துடைப்பான், அதுவும் நன்றாகத் தேய்த்து, காயும் வரை பொறுத்து. ஸ்டீல் டப்பாவில் ஊறிக்கிடந்த ஸ்பிரிட் பஞ்சுக்கும் விடை கொடுத்தோம். அதில் ஒவ்வொருவரும் விரல் விட்டுத்தான் பஞ்சு எடுப்பார்கள். ஸ்பிரிட் ஆவியாகி, சாயங்காலத்துக்குள் அது வெறும் ஈரப் பஞ்சு.

கஷ்டமானது சலைன். கல்ச்சரில் சுத்தமாக வந்ததை ஏன் மாற்ற வேண்டும் என்று பர்ச்சேஸ் மேனேஜர் கேட்டது நியாயமான கேள்விதான். 10 மில்லி ஆம்பூல்கள் விலை கூடுதல், இடமும் அடைக்கும். நான் அவரிடம் ஒரு எண்ணைக் காட்டினேன்: வளர்ந்த நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் 7 பேருக்கு அங்கேயே ஒரு தொற்று வருகிறது, எங்களைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கு, உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை. அவர் அசையவில்லை. பிறகு ஒரு லைன் தொற்றுக்கு எங்கள் ஐ.சி.யூ.வில் கூடுதலாக ஆகும் நாட்களையும் ஆன்டிபயாடிக் பில்லையும் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆம்பூல் வந்தது. எண்ணைச் சொல்லும்போது உலகக் கணக்கைவிட உங்கள் ஆஸ்பத்திரிக் கணக்கைச் சொல்லுங்கள். குழு உட்காரும் மேஜையில் அதற்குத்தான் மதிப்பு.

ஒரே குப்பியிலிருந்து பல தடவை மருந்து எடுக்கும் மல்டி டோஸ் வயல்களிலும் இதே பழக்கம்தான் வேறு உருவத்தில். இன்சுலின், ஹெப்பாரின் போன்றவற்றில் பாதுகாப்புப் பொருள் கலந்திருக்கிறது என்பதால் ஒரு தைரியம். அந்தப் பொருள் தவறிப்போய் உள்ளே விழும் கொஞ்சம் கிருமியைச் சமாளிக்கும், பயன்படுத்திய ஊசியோடு உள்ளே போகும் ரத்தத்தை அது ஒன்றும் செய்யாது. ரத்தத்தோடு போகும் மஞ்சள் காமாலை வைரஸையும் தடுக்காது. திறந்த வயலுக்கு 28 நாள், அல்லது கம்பெனி அதற்கும் குறைவாகச் சொல்லியிருந்தால் அது. தேதி எழுதாத வயலைக் கண்டால் எங்கள் இடத்தில் வாதமே கிடையாது, கொட்டிவிடுவோம். ஆரம்பத்தில் சிஸ்டர்கள் முணுமுணுத்தார்கள். வயலோடு சேர்த்தே ஒரு சின்ன ஸ்டிக்கரும் மருந்தகத்திலிருந்து போக ஆரம்பித்த பிறகு முணுமுணுப்பு குறைந்தது. பேனா தேடி, ப்ளாஸ்டர் கிழித்து, அதில் எழுதி ஒட்டு என்றால் இரவு ஷிப்டில் யாரும் செய்ய மாட்டார்கள்.

அடுத்தது சிங்க். ஐ.சி.யூ.வில் மருந்து கலக்கும் மேடை பெரும்பாலும் சிங்க்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும், கட்டடம் கட்டுபவர்களுக்கு அது வசதி. குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராக வடிகால் ஓட்டையின் மேல் விழுகிறது. அந்த ஓட்டைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் தேங்கி, உள்சுவரில் கொழகொழவென்று ஒரு படலம் இருக்கும். 2017-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒளிரும்படி மாற்றிய ஈ.கோலை கிருமியை அந்த வளைவில் விட்டுப் பார்த்தார்கள். அது நாளுக்கு ஓர் அங்குலம் வீதம் படலமாக மேலேறி, ஒரு வாரத்தில் வடிகாலின் வாயைத் தொட்டது. அதன் பிறகு குழாயைத் திறந்தபோது தெறித்த துளிகளோடு சுற்றிலும் விழுந்தது. வளைவில் இருந்தவரை தெறிக்கவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. அந்தப் படலத்துக்கு மேலே வரச் சாப்பாடு போடுவது யார் என்று பார்த்தால் நாம்தான்: மிச்ச டெக்ஸ்ட்ரோஸ், மூக்குக் குழாயில் கொடுத்து மீந்த கஞ்சி, பால், டீ எல்லாம் அங்கேதான் கொட்டப்படும்.

எங்கள் இடத்தில் கை கழுவும் சிங்க்கில் கை மட்டும்தான் என்று எழுதி ஒட்டினோம். எழுதி ஒட்டியதற்கு எந்தப் பலனும் இல்லை. மிச்சத் திரவங்களைக் கொட்ட யூட்டிலிட்டி அறையில் தனித் தொட்டி ஒன்று கொடுத்த பிறகுதான் நின்றது. மருந்து கலக்கும் மேடையை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். ஓர் இடத்தில் தூண் குறுக்கே இருந்ததால் மாற்ற முடியவில்லை, நடுவில் ஒரு தடுப்புப் பலகை வைத்தோம். குழாயின் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டோம். அழகாக நுரைத்து விழும் தண்ணீர் வேண்டுமானால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஹைப்போ பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் 5 சதவீதக் கேன் வாங்கும் இடமும் உண்டு, 10 சதவீதம் வாங்கும் இடமும் உண்டு. ரத்தம் சிந்திய இடத்துக்கு 1 சதவீதம் வேண்டும் என்றால் முதலாவதில் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், இரண்டாவதில் ஒரு பங்குக்கு ஒன்பது. கேன் மாறியதும் இந்தக் கணக்கு மாறியதை ஹவுஸ்கீப்பிங்குக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் கேனின் மேலேயே, மக் அளவில், தமிழில் எழுதி ஒட்டச் சொன்னேன். கலந்த ஹைப்போ வெளிச்சத்திலும் சூட்டிலும் பலம் குறையும், அன்றன்றைக்குக் கலப்பதுதான் சரி. ரத்தத்தின் மேல் நேராக ஊற்றித் துடைத்துவிட்டுப் போவதும் வீண். முதலில் உறிஞ்சும் தாளைப் போட்டு மூடி, அதன் மேல் ஊற்றி, பத்து நிமிஷம் ஊற விட வேண்டும். கழிவறை கழுவும் ஆசிடோடு இதைக் கலந்தால் குளோரின் வாயு வரும். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றி ‘டபுள் ஸ்ட்ராங்’ செய்கிறவர்களை நானே தடுத்திருக்கிறேன்.

இனி மருந்தகத்துக்குள் வருகிறேன். இங்கே ஈரம் வருஷத்துக்கு ஒரு முறை ஐப்பசியில் வரும். ஸ்டோரின் வெளிச்சுவர் பூத்து, அடியில் வைத்திருக்கும் அட்டைப் பெட்டிகள் தொட்டால் மெத்தென்று இருக்கும். அட்டை, பூஞ்சைக்கும் பாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளுக்கும் நல்ல குடியிருப்பு. சலைன் பெட்டியை அப்படியே தள்ளுவண்டியில் ஏற்றி ஊசி மருந்து கலக்கும் அறை வரை கொண்டுபோவது எங்களிடம் வழக்கமாக இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அந்த அறையில் தட்டு வைத்துப் பார்த்தோம். அகார் தட்டைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரு மணி நேரம் திறந்து வைக்கும் முறை. மனதில் நிற்க எளிது. பாக்டீரியாத் தட்டை 30 முதல் 35 டிகிரியிலும் பூஞ்சைத் தட்டை 20 முதல் 25 டிகிரியிலும் வைக்க வேண்டும்.

சில நாளில் பூஞ்சைத் தட்டில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்பு வந்தது, அஸ்பர்ஜில்லஸ் நைகர். மற்றதில் ஓரம் கிழிந்த வெள்ளைப் படலங்கள், பாசில்லஸ். கலக்கும் அறையில் இருந்த பெண்ணுக்கு நம்ப முடியவில்லை. “சார், காலையில, மத்தியானம் ரெண்டு வேளையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன் சார்.” அவர் துடைத்தது உண்மைதான். 70 சதவீத ஆல்கஹால் வளரும் கிருமியைக் கொல்லும்; வித்து வடிவில் உறங்குவதை ஒன்றும் செய்யாது. 2011-இல் அமெரிக்காவில் ஆல்கஹால் துடைப்பான்களிலேயே பாசில்லஸ் சீரியஸ் இருந்ததால் பெருமளவில் திரும்பப் பெற வேண்டி வந்தது. பேதி உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் வித்தும் அதே ரகம். அந்த நோயாளியைத் தொட்டுவிட்டு ஹேண்ட் ரப் போடுவது போதாது, சோப்புப் போட்டுக் கழுவித்தான் ஆக வேண்டும்.

அட்டைப் பெட்டி ஸ்டோர் வாசலோடு நின்றது. பாட்டில்களை வெளியே எடுத்து, துடைத்து, பிளாஸ்டிக் ட்ரேயில் உள்ளே அனுப்புகிறோம். பெட்டிகளுக்குக் கீழே பலகை, சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. மேடையை வாரத்தில் ஒரு நாள் வித்தையும் கொல்லும் மருந்தால் துடைத்து, பிறகு மிச்சத்தை ஸ்டெரைல் தண்ணீரால் எடுக்கிறோம். மேடைக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்த ஸ்ப்ளிட் ஏ.சி.யை இடம் மாற்றினோம்; அதன் உள்தட்டைக் கழற்றியபோது வந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் லாமினார் ஃப்ளோ மேடைகளில், காற்று நம்மை நோக்கி வரும் ரகம் என்றால், வடிகட்டிக்கும் வயலுக்கும் நடுவில் கை போகக் கூடாது. போனால் கையில் இருப்பதை அந்தச் சுத்தமான காற்றே வயலின் மேல் கொண்டுபோய்ப் போடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பழக்குவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது.

தட்டு வைப்பதைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் சுவர், தரை, மேஜை என்று கண்ட இடத்தில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கும் மாதிரி) எடுத்து ஃபைலில் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு அந்த ஃபைல் அழகாக இருக்கும். ‘நோ க்ரோத்’ என்று வந்த ரிப்போர்ட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்த மாதங்களில்தான் எங்கள் டிரஸ்ஸிங் புட்டிக்குள் அந்தக் கிருமி வளர்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் ஸ்வாப் எடுக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஃபார்மலின் புகை போட்டு, கண் எரிய எரியப் பூட்டி வைப்பதும் அப்படித்தான். அதில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியான பிறகும் சில இடங்களில் அந்தப் புகை இல்லாவிட்டால் சர்ஜனுக்குத் திருப்தி வருவதில்லை. வடிகட்டி வழியாக மணிக்கு 20 தடவை காற்று மாறுகிறதா, கதவைச் சாத்தினால் உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு அந்தக் காசைச் செலவு செய்யலாம். கேள்வி ஒன்று கையில் இருக்கும்போது எடுக்கும் ஒரு கல்ச்சர், கேள்வியே இல்லாமல் எடுக்கும் நூறைவிட உதவும்.

வெளிநோயாளி கவுண்டரில் நிற்கும் எங்கள் ஆட்களுக்கு 2023-இல் ஒரு செய்தி தூக்கத்தைக் கெடுத்தது. சென்னையை அடுத்த ஒரு தொழிற்சாலையில் தயாராகி அமெரிக்காவில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தோடு தொடர்புடைய சூடோமோனாஸ் தொற்று. எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத, அதுவரை அந்த நாட்டில் பதிவாகாத வகை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று. 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது, 4 பேர் இறந்தார்கள். பல தடவை திறந்து பயன்படுத்தும் புட்டியில் போதுமான பாதுகாப்புப் பொருள் இல்லை, கிருமிச் சோதனை சரியில்லை என்று அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. கண் எரியக் கூடாது என்று பாதுகாப்புப் பொருளை நீக்குவதில் தப்பில்லை. நீக்கினால் ஒரு வேளைக்கு ஒரு சின்னக் குப்பியாகக் கொடுக்க வேண்டும், அல்லது காற்றை உள்ளே இழுக்காத விசேஷப் புட்டி வேண்டும்.

அதற்குப் பிறகு கவுண்டரில் சொட்டு மருந்து கொடுக்கும்போது நாங்கள் பேசுவது நீண்டுவிட்டது. திறக்கும் தேதியை எங்கள் எதிரிலேயே பேனாவால் எழுதச் சொல்கிறோம். ஒரு மாதம் ஆனால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும். புட்டி முனை இமையில், விரலில், எதிலும் படக் கூடாது. கண்புரை ஆபரேஷன் முடிந்த ஒரு தாத்தா, வீட்டில் பாட்டிக்கும் கண் உறுத்துகிறது, இதையே அவளுக்கும் விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடாது என்றதும், “மிச்சத்தைக் கொட்டச் சொல்றியே தம்பி, நூத்தி எண்பது ரூவா” என்றார். அவரிடம் கிருமியியல் பேசிப் பயனில்லை. பாட்டியை நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், டாக்டர் பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். வந்தார்கள்.

குழந்தைகளின் ட்ரை சிரப் இன்னொரு தலைவலி. பவுடராக வரும் ஆன்டிபயாடிக்கைக் கொதித்து ஆறிய தண்ணீரில், புட்டியில் போட்டிருக்கும் கோடு வரை கலக்க வேண்டும். முதலில் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு மீதி. சூடாக ஊற்றினால் மருந்து கெடும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் என்ன உள்ளே போகும் என்று இதுவரை படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமாக்சிசிலின்–கிளாவுலனேட் கலந்த பிறகு ஃப்ரிட்ஜில் ஏழு நாள்தான். போன காய்ச்சலுக்கு வாங்கியது கொஞ்சம் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா என்று கேட்டு வரும் அம்மாக்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. இப்போதெல்லாம் கலந்து கொடுக்கச் சொன்னால் நாங்களே ஸ்டெரைல் தண்ணீரில் கலந்து, கொட்ட வேண்டிய தேதியை மூடியின் மேல் எழுதித் தருகிறோம். மூடியில் எழுதுவது ஏனென்றால், லேபிளில் எழுதினால் முதல் நாள் வழிந்த சிரப்பிலேயே அது அழிந்துவிடுகிறது.